இணையம் அறுந்தாலும் பாடும் பெட்டி

வீட்டு ஸ்ட்ரீமிங் கருவி எனப்படுவது, இணையத்திலிருந்தோ வீட்டிலுள்ள கணினியிலிருந்தோ பாடலைத் துளித்துளியாகப் பெற்று, பெற்ற கையோடு ஒலியாக்கித் தரும் பாட்டுப்பெட்டி. இத்தகைய பெட்டிகள் சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அடுத்து வரவிருப்பவற்றைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் விளம்பரங்கள் ஒலித்தரத்தின் எண்களையே முன்வைக்கின்றன. அந்த வழக்கு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் எழுதி, இடம் வலம் என இரு தடங்களில் பதியும் குறுந்தகடு நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட்டுகளைக் கொண்டது. அதில் எதையும் இழக்காமல் ஏறத்தாழப் பாதியளவுக்குச் சுருக்கும் ஃப்ளாக் என்னும் கோப்புமுறை 2001ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நெடுங்காலம் தயங்கிய ஸ்பாட்டிஃபை நிறுவனமும் 2025 செப்டம்பரில் பல நாடுகளில் இழப்பில்லா ஒலியை வழங்கத் தொடங்கியது. இனிக் கேட்க வேண்டியவை இரண்டு: பெட்டி எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும், தான் பாடுவது இன்னதென்று அதற்குத் தெரியுமா?

முதல் கேள்விக்கு அண்மைய வரலாறு தரும் விடை கசப்பானது. வால்வு ரேடியோ பழுதானால் தெருமுனைக் கடையில் சரிசெய்துகொள்ள முடிந்தது; ஸ்ட்ரீமிங் பெட்டியோ எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வரோடு பேசினால்தான் இயங்கும் வகையில் பெரும்பாலும் வடிவமைக்கப்படுகிறது. கூகுள் 2015இல் வெளியிட்ட குரோம்காஸ்ட் ஆடியோ, பழைய ஸ்பீக்கரையும் வைஃபையோடு இணைத்துவிடும் சிறு வட்டு. மலிவானது, நல்ல ஒலி தருவது. அதன் தயாரிப்பு 2019இல் நின்றது. 2025 மார்ச்சில், உலகெங்கும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவ்வட்டுகள் ஒரே நேரத்தில் முடங்கின. கருவி போலியானதன்று என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழுக்குப் பத்தாண்டு ஆயுள்தான் குறிக்கப்பட்டிருந்தது என்பதும், அது காலாவதியானதை எவரும் கவனிக்கவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. சில நாட்களில் புதிய மென்பொருள் அனுப்பப்பட்டு அவை மீண்டும் உயிர்பெற்றன என்றாலும், ஸ்பீக்கரிலும் வயரிலும் எந்தக் குறையும் இல்லாத ஒரு பொருள் வெறும் தேதி ஒன்றினால் ஊமையாகக்கூடும் என்பது அன்று வெளிப்பட்டது.

இதற்கு நேர்மாறான சான்று ஸ்குவீஸ்பாக்ஸ். ஸ்லிம் டிவைசஸ் என்ற கலிபோர்னிய நிறுவனம் தொடங்கிய இவ்வரிசையை லாஜிடெக் 2006இல் வாங்கி, 2012இல் கைவிட்டது. அதற்கென நடத்திவந்த இணையச் சேவையையும் 2024இல் மூடிவிட்டது. ஆனால் பெட்டிக்குப் பாடலை அனுப்பும் சர்வர் மென்பொருள் வீட்டுக் கணினியிலேயே இயங்குவது. அதன் மூலநிரல், அதாவது மென்பொருளின் எழுத்து வடிவம், எவரும் படித்துத் திருத்தும்படி திறந்து வைக்கப்பட்டிருந்தது. ஆகவே ஆர்வலர்கள் அதை லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இன்றும் வளர்த்துவருகின்றனர். கைவிடப்பட்ட பெட்டிகளும் பாடுகின்றன. வருங்காலப் பெட்டியிடம் எதிர்பார்க்க வேண்டிய முதல் குணம் இதுவே: தயாரித்தவர் கடையைக் கட்டிக்கொண்டு போனாலும், வீட்டுக்குள் இருக்கும் பாட்டை அது பாட வேண்டும்.

இதனோடு ஒட்டியது பெட்டியை இயக்கும் விதத்தின் சிக்கல். ஸ்ட்ரீமிங் ஸ்பீக்கர்களை விற்கும் சோனோஸ் நிறுவனம் 2024 மே மாதத்தில் தன் கைப்பேசிச் செயலியை அடியோடு மாற்றியபோது, அலாரம் வைப்பது போன்ற பழகிய வசதிகள் சில நாட்களுக்கேனும் காணாமற்போயின. வாடிக்கையாளர் கோபம் ஓயாத நிலையில் அதன் தலைமைச் செயல் அலுவலர் பேட்ரிக் ஸ்பென்ஸ் 2025 ஜனவரியில் பதவி விலகினார். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பாட்டை நிறுத்தவும் கைப்பேசியைத் தேடி ஓட வேண்டும் என்பதே விசித்திரமான ஏற்பாடு. இந்தியாவில் சரிகம நிறுவனம் 2017இல் கொண்டுவந்த காரவான் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டது. பழைய டிரான்சிஸ்டரின் தோற்றம், 5,000 பாடல்கள், திருகினால் ஒரு பாடகரிலிருந்து இன்னொருவருக்குத் தாவும் குமிழ் என்று வந்த அப்பெட்டி, பாஸ்வேர்டு நினைவில் நில்லாத முதியோர் வீடுகளில் எளிதாக இடம்பிடித்தது, தமிழிலும் வந்தது. ஒரே நிறுவனத்தின் பாடல்களோடு அதன் கையிருப்பு நின்றுவிடுவது குறைதான். அந்தக் குமிழையும் இணையத்தின் விரிவையும் ஒரே பெட்டியில் சேர்ப்பது பெரிய பொறியியல் சவாலன்று. சேர்க்க மனமில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாம் கேள்வி, பாட்டைப் பற்றிய தகவலைச் சார்ந்தது. கோப்போடு ஒட்டி வரும் பெயர்ச்சீட்டுகளை மீத்தரவு என்பர். கலைஞர், ஆல்பம், பாடல் என்ற மூன்று இழுப்பறைகளில் எல்லா இசையையும் அடுக்கும் பழக்கம் மேற்கத்திய பாப் இசையிலிருந்து வந்தது. தமிழ்த் திரைப்பாட்டிலோ இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர், படம் என நால்வகைப் பெயர்களும் தேடுபொருளே. அவற்றுள் எவரைக் ‘கலைஞர்’ என்ற அறையில் போடுவது என்பதில் ஒரு சேவைக்கும் இன்னொன்றுக்கும் ஒற்றுமை இல்லை. கர்நாடக இசைக்கு ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் ஆகியனவும் வேண்டும். தோடியை எடுத்துக்கொண்டால், ஆங்கில எழுத்தில் அது இரண்டு மூன்று விதமாக எழுதப்படுவதால் ஒரு தேடலில் பாதிப் பதிவுகள் விடுபடுகின்றன. போதாக்குறைக்கு, அதே பெயர்கொண்ட இந்துஸ்தானி ராகமும் குறுக்கே வருகிறது. அது கர்நாடகத் தோடியே அன்று. சுரங்களால் சுபபந்துவராளிக்கு நெருங்கியது. மேற்கத்திய செவ்வியல் இசைக்காகப் படைப்பு, இசையமைப்பாளர், நடத்துநர் என்று தனித்தனியே தேடும் செயலியை ஆப்பிள் 2023இல் வெளியிட்டது. அங்கே முடிந்தது ராகத்துக்கும் முடியும். பெயரைத் தமிழ் எழுத்தில் தந்தாலும் பெட்டி கண்டுகொள்ள வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கச்சேரி கேட்போரை உறுத்தும் மற்றொன்று, தடங்களுக்கிடையே விழும் வெட்டு. எம்பி3 முறை ஒலியை 1,152 அளவுகள் கொண்ட கட்டங்களாக நறுக்குகிறது. ஒரு கட்டம் சுமார் 26 மில்லிநொடி. ஆலாபனையின் நீளம் இக்கட்டங்களில் மிச்சமின்றி அடங்குவது அரிது என்பதால், கடைசிக் கட்டத்தின் காலியிடம் மௌனத்தால் நிரப்பப்படுகிறது. அந்த மௌனத்தைக் கத்தரிக்கத் தெரியாத பெட்டியில் தம்பூரா ஒரு கணம் அறுந்து, பிறகு கீர்த்தனை தொடங்குகிறது. கத்தரிக்கும் வழி நெடுநாளாக அறியப்பட்டதே. மின்தடைக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் அவ்வாறே.

மீண்டும் ஆயுள் கேள்விக்கு வந்தால், பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் குறைந்தது எவ்வளவு காலம் வழங்கப்படும் என்பதைத் தயாரிப்பாளர்கள் அறிவித்தே ஆக வேண்டும். இங்கும் வாங்குவோர் அந்தத் தேதியைக் கடையில் கேட்கலாம். கேட்டபின், ரவுட்டரிலிருந்து இணைய வயரை மட்டும் பிடுங்கச் சொல்லி, ஒரு பென்டிரைவைச் செருகிப் பார்க்கட்டும். பெட்டி பாடாவிட்டால் வாங்க வேண்டாம்.