மண்கும்பானிலிருந்து மக்கா எந்தத் திசையில்?

மண்கும்பான் பள்ளிவாசலுக்கு வெளியே நின்று கைபேசியில் திசைகாட்டியைத் திறந்தேன். மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே இருக்கிறது.

உருண்டைப் பூமியில் இந்தக் கோணத்தைக் கணிக்க இரு ஊர்களின் அகலாங்கு, நெட்டாங்கோடு கோள முக்கோணவியலும் வேண்டும். தொழுகைத் திசை அறியும் தேவை, முஸ்லிம் அறிஞர்கள் அந்தக் கணிதத்தை வளர்த்த காரணங்களில் ஒன்று. 1025இல் அல்-பிரூனி கஸ்னி நகருக்காக இதைக் கணித்து ஒரு நூலே எழுதினார்.

அவர்கள் கையாண்ட 'சைன்', இந்தியக் கணிதத்தின் 'ஜ்யா'. அரபு வழியாகவே அது ஐரோப்பாவுக்குப் போனது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பின்னர், முஸ்லிம் மாணவர் ஒருவர்கூட இல்லாத வகுப்பில்தான் நான் சைன் படித்தேன். அது வந்த வழியை அங்கு யாரும் சொல்லவில்லை.