வாத்தின் கொழுப்பு எங்கே இருக்கிறது?

வாத்துக் கறி என்றாலே கொழுப்பு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. தோலோடு உள்ள 100 கிராம் பச்சை வாத்துக் கறியில் சுமார் 39 கிராம் கொழுப்பும் 400 கலோரியும் இருக்கின்றன. தோலை உரித்துவிட்டு அதே 100 கிராமை எடுத்தால் கொழுப்பு 6 கிராம்தான். கலோரியும் 135க்கு இறங்கிவிடுகிறது. வாத்தின் கொழுப்பில் பெரும்பகுதி சதைக்குள் கலந்திராமல், தோலுக்கு அடியில் தனி அடுக்காகப் படிந்திருக்கிறது.

குளிர்ந்த நீரில் மணிக்கணக்காக மிதக்கும் பறவைக்கு உடல்சூடு இறங்கக் கூடாது. இறகுகளுக்கு இடையே சிக்கிய காற்று அதற்கு முதல் காப்பு, தோலடிக் கொழுப்பு இரண்டாவது. பெரும்பாலான வீட்டு வாத்துகளின் மூதாதை, நெடுந்தூரம் வலசை போகும் மல்லார்ட் எனும் காட்டு வாத்து. பறக்கும் தசைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அதைப் பிடித்துவைக்கும் மையோகுளோபின் மிகுந்திருப்பதால்தான் வாத்தின் நெஞ்சுக்கறி கோழியுடையதைப் போல வெளுத்திராமல் சிவந்திருக்கிறது.

கொழுப்பு தனி அடுக்காக இருப்பதைச் சீனச் சமையல்காரர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பெய்ஜிங் வாத்துச் சமையலில் கழுத்து வழியாகக் காற்றை ஊதித் தோலைச் சதையிலிருந்து பிரிப்பார்கள். கொதிநீரை ஊற்றித் தோலை இறுக்குவார்கள். மால்ட்டோஸ் பாகு பூசிக் காற்றில் தொங்கவிடுவார்கள். 1864இல் தொடங்கிய சுவான்ஜூடே உணவகம் பழமர விறகில் வாட்டும் முறைக்குப் பேர்போனது. வாத்தின் வயிற்றுக்குள் தண்ணீர் ஊற்றியே அடுப்பில் தொங்கவிடுவதால் உள்ளே வேகும், வெளியே வறுபடும்.

உலர்த்துவது எதற்கு? தோலில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். பொன்னிறமும் மணமும் தரும் மெய்லார்டு வினையோ 140 டிகிரி வாக்கில்தான் வேகமெடுக்கும். ஈரத் தோல் அவியுமே தவிர மொறுமொறுக்காது.

வீட்டில் காற்று ஊத முடியாது; ஆவி பிடிக்கலாம். தோலடிக் கொழுப்பு, கொலாஜன் எனும் புரத வலைக்குள் சின்னச் சின்ன செல்களாக அடைபட்டிருக்கிறது. ஈரச்சூட்டில் அந்த வலை இளகி ஜெலட்டினாகும். கொழுப்பு வெளியேற வழி பிறக்கும். முதலில் ஊசியைச் சாய்வாகப் பிடித்துத் தோலையும் கொழுப்பையும் மட்டும் பல இடங்களில் குத்துங்கள். ஊசி நேராக இறங்கிச் சதையைத் தொட்டால் கறிச்சாறும் சேர்ந்து வடிந்துவிடும். உப்பு, இஞ்சி, பட்டை, அன்னாசிப்பூ சேர்த்து, நான்காக வெட்டிய வாத்தை மூங்கில் தட்டிலோ இட்லிப் பானையிலோ ஒரு மணிநேரம் அவியுங்கள். அடியிலுள்ள தண்ணீரின் மேல் மஞ்சள் நெய் மிதக்கும். அதில் பாதியளவு ஒலீயிக் அமிலம். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருப்பதும் அதுதான். ஆட்டுக் கொழுப்பைப் போலச் சட்டென உறையாமல் இளகியே இருப்பதற்கு அது ஒரு காரணம்.

அவித்ததை ஈரம் போகத் துடைத்து, ஆறியதும் மூடாமல் குளிர்பெட்டியில் இரவு முழுதும் வையுங்கள். மறுநாள் சோயா சாஸும் கொஞ்சம் தேனும் பூசி, 220 டிகிரி ஓவனில் தோல் சிவக்கும்வரை வாட்டினால் போதும். தேன் சீக்கிரம் கருகும் என்பதால் கடைசிப் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள். பக்கத்தில் வெள்ளரி, வெங்காயத்தாள், பூண்டு போட்டு வதக்கிய கீரை, வெறும் சோறு. எலும்பை முட்டைக்கோஸோடு கொதிக்கவைத்தால் சூப்பும் ஆயிற்று. பெய்ஜிங்கிலும் வாத்து விருந்தை அப்படித்தான் முடிக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் வாத்துக்கென்று ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. வடிந்த நெய்யைக் கொட்டிவிடாதீர்கள். வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் உருளைக்கிழங்கு வறுக்க அதைவிட நல்லது கிடையாது. கொழுப்புக்குப் பயந்து வாத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஒரு நாள் முன்னதாகத் திட்டமிட்டால் போதும்.