கருவியின் கூற்றும் சான்றின் வடிவமும்: ஆதார் பதிவுக் கருவியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

முத்தாபுதுப்பேட்டை உள்ளிட்ட ஆவடிப் புறநகர்ப் பகுதிகளின் நியாயவிலைக் கடைகளில் குடும்ப அட்டைதாரர்கள் விரல் பதித்துப் பொருள் பெறுகின்றனர். தமிழகத்தில் இம்முறை 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ரேகை உரியவருடையதா என ஆராயும் முன், அதனைப் படித்த கருவி நம்பத்தக்கதா என அறிதல் வேண்டும். இதற்கு விடை தருவது கருவிச் சான்று. அச்சான்றின் தரவு வடிவத்தை எவ்வாறு வகுப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பதிவுக் கருவியின் அமைப்பு

தொடக்ககால ஆதார்க் கருவிகளில் ரேகைத் தரவு கருவிக்கு வெளியே, செயலியில்தான் குறியாக்கம் பெற்றது. எனவே, முன்னர்ச் சேமித்த ரேகையை மீண்டும் அனுப்ப இடமிருந்தது. இதனைத் தடுக்க, இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் 2017இல் பதிவுக் கருவி முறையை நடைமுறைப்படுத்தியது. இம்முறையில், பிடிக்கப்பட்ட ரேகையுடன் நேரக்குறிப்பும் சேர்ந்து, கருவிக்குரிய மறைதிறவியால் கையொப்பம் பெறுகிறது. கருவி வழங்குநர் குறியீடு, மாதிரி எண், கருவியின் தனிக்குறியீடு, வழங்குநர் ஒப்பமிட்ட சான்றிதழ் ஆகியன உடன் செல்கின்றன. எல்-0 நிலையில் கையொப்பம் இயங்குதள அளவிலான மென்பொருளிலும், எல்-1 நிலையில் பாதுகாக்கப்பட்ட தனிச் செயற்சூழலிலும் நிகழ்கிறது.

பொருள்வரையறை

1905இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகளைக் கொண்டவை. அவற்றைக் கோத்த வளையத்தில் இராசேந்திர சோழனின் முத்திரை உள்ளது. முத்திரை, ஆணை யாருடையது எனக் காட்டும். ஆணையின் பொருளை அறிய எழுதுவோரும் படிப்போரும் சொல்வழக்கில் ஒன்றுபட வேண்டும். கையொப்பத்திற்கும் தரவு வடிவத்திற்கும் உள்ள உறவும் இத்தகையதே.

ஆதார் முறையில் வழங்குநரும் ஆணையமும் ஒரே விவரக்குறிப்பைப் பின்பற்றுவதால் பொருள் மயக்கம் எழுவதில்லை. இணையத்திலோ கருவியைச் செய்தவரும் சான்றைச் சரிபார்ப்பவரும் ஒருவரையொருவர் அறியார். இவர்களுக்குப் பொதுவான சொற்றொகுதியை இணையப் பொறியியல் பணிக்குழு 2025இல் ஆர்.எஃப்.சி. 9711 என வெளியிட்டது. அதில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஜேசான் வடிவிற்கு ஒரு பெயரும் சிபோர் வடிவிற்கு ஓர் எண்ணும் உண்டு. சான்று புதியதே என நிறுவ, சரிபார்ப்பவர் அனுப்பிய ஒருமுறை மதிப்பைக் கருவி திருப்பித் தரும் கூற்றின் எண் 10. சிபோரில் அவ்வெண் ஒரே பைட்டில் அடங்கும். நினைவகம் குறைந்த சிறு கருவிகளுக்கு இச்சிக்கனம் இன்றியமையாதது.

பிழைநீக்க வசதி பற்றிய கூற்று ஆம், இல்லை என்னும் இரண்டோடு நில்லாமல் ஐந்து நிலைகளை வேறுபடுத்துகிறது. கருவி இயங்கத் தொடங்கியது முதல் மூடியிருப்பதும் நிரந்தரமாக மூடப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. இவற்றை ஒரே சொல்லால் குறித்தால், கையொப்பம் மெய்யாயினும் சான்று பிறழ உணர்த்தும்.

சொல்லாமை

கடையில் நிலைத்த கருவிக்குத் தனிக்குறியீடு தேவை. முறைகேடு நேர்ந்தால் அக்கருவியை மட்டும் விலக்கலாம். ஆனால், ஆதார் முகவழிச் சரிபார்ப்பு இன்று தனிநபர் கைபேசியிலும் நிகழ்கிறது. அங்கே மாறாத கருவிக்குறியீடு, அதனைக் காணும் ஒவ்வொரு சேவைக்கும் அதன் உரிமையாளரைப் பின்தொடரும் வழியாகிவிடும். ஆதலின், எக்கூற்றை யாருக்கு வழங்கலாகாது என வகுப்பதும் வடிவமைப்பின் பகுதியே.

முடிவுரை

கருவிச் சான்று, கருவி மெய்யானது என்று மட்டுமே கூறும். உழைப்பால் ரேகை தேய்ந்தவர் உரியவரா என்பதைக் கூறாது. கூற்றின் எல்லையை மீறிப் பொருள் கொண்டால் மெய்யான கருவியின் பெயரால் உரியவர் மறுக்கப்படுவார். எனவே, தரவு வடிவமைப்பைக் கணினியியலுக்கு மட்டுமன்றிச் சொற்பொருளியலுக்கும் உரிய ஆய்வுக்களமாகக் கொள்ளுதல் தகும்.