தொட்டியில் வாழும் கக்கா

சென்ற ஆண்டு களியக்காவிளையைச் சேர்ந்த வாலிபர் ஒருவர், கடல்மீன் தொட்டிகள் அமைத்து விற்கும் தொழிலுக்குக் கடன் வேண்டி என்னைக் காண வந்தார். பவளப்பாறையைப் போன்று அமைந்த தொட்டிகளுக்குத் திருவனந்தபுரத்தில் கிராக்கி உண்டென்றும், அவற்றில் சிறு கக்காக்களையும் வாழவைத்துக் கொடுத்தால் விலை கூடுமென்றும் கூறினார். அவருடைய இல்லத்திற்குச் சென்று பார்த்தேன். நூறு லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. படிகம் போன்ற நீர். மணலில் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் எடுத்த எட்டுக் கக்காக்கள். மூன்று வாரங் கழித்து மீண்டும் சென்றபோது ஆறு ஓடுகள் வெறுமையாகத் திறந்து கிடந்தன. நோய் கண்டுவிட்டதென்று எண்ணி, மீன்களுக்கு இடும் செப்பு கலந்த மருந்தை அவர் ஊற்றியிருந்தார். செப்பு கக்கா இனங்களுக்குக் கொடிய நஞ்சு. எஞ்சிய இரண்டும் அதனால் மடிந்தன. முதலில் இறந்த ஆறுக்கும் நோய் ஏதுமில்லை. அவை பட்டினியால் இறந்தவை.

மட்டி என்று பிற இடங்களில் வழங்குவதையே நம் எல்லைப்புறத்தில் கக்கா என்கிறோம். இதற்குத் தேடி உண்ணும் வாய் கிடையாது. மணலில் புதைந்தவாறே இரு குழல்களை மேலே நீட்டி, ஒன்றால் நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளைச் செவுள்களால் வடிகட்டி உண்டு, மற்றொன்றால் நீரை வெளியேற்றுகிறது. சிறு கக்கா ஒன்று மணிக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று நீரை வடிகட்ட வல்லது. எட்டுக் கக்காக்கள் இருந்தால் நூறு லிட்டர் தொட்டி ஒரே நாளில் வடிகட்டப்பட்டுவிடும் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். பொழிமுகத்தில் ஒவ்வோர் ஏற்றமும் புதிய உணவைக் கொண்டுவரும். தொட்டியில் யார் கொண்டுவருவது? போதாக்குறைக்கு நம் வடிகட்டும் கருவியும் பாசியை அகற்றிவிடுகிறது. பார்ப்பவர் மெச்சும் தெளிந்த நீர், கக்காவுக்கு வெற்று இலை. மேலும், பட்டினி கிடந்தாலும் அது பல நாள் உயிரோடிருக்கும். சதை கரைந்து கொண்டே போவதை ஓடு மறைத்துவிடுவதால், சாகும்போது காரணம் நமக்கு மறந்து போகிறது.

"வெளிச்சம் கொடுத்தாலே வளரும் கக்கா உண்டாமே?" என்று அந்த வாலிபர் கேட்டார். உண்டு. லட்சத்தீவு முதலிய பவளத்திட்டுகளில் வாழும் இராட்சதக் கக்கா இனங்களின் நீல, பச்சை நிறச் சதைமடிப்பில் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தம்மை வைத்திருப்பதற்கும் கொடுக்கின்றன. ஆயினும் சிறு பருவத்தில் இவற்றுக்கும் வெளிச்சம் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவில் நடந்து 1992இல் வெளியான ஆய்வின்படி, மிகச் சிறிய இராட்சதக் கக்காக்கள் தமக்கு வேண்டிய கரிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வடிகட்டி உண்டே பெற்றன. பெரியவற்றில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சிறு கக்கா வாங்கி, விலையுயர்ந்த விளக்கை மட்டும் நம்பி ஏமாறுவோர் உலகெங்கும் உண்டு.

ஆனால் நமக்கு இக்கேள்வியே எழக்கூடாது. இந்த இனங்களில் சிலவும், பாறை கட்டும் பவளப் பூச்சிகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் சேர்க்கப்பட்டன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். "வெளிநாட்டுச் சரக்கு" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி ஒரு வியாபாரி இவருக்கு விற்க முன்வந்தார்; இரசீது கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. ஆகவே தொட்டியின் பாறைக்குக் கருங்கல்லும் சுட்ட மண்ணும், கக்காவுக்கு நம் பொழிமுகத்து இனங்களும் போதும் என்று முடிவு செய்தோம். இவற்றுக்கு விளக்குச் செலவும் இல்லை.

முதற்கண் நீர். கக்கா எடுத்த இடத்திலேயே, எடுத்த வேளையிலேயே நீரையும் முகந்து வருவது நல்லது. பொழிமுக நீரின் உப்பு மழைக்கும் வேலியேற்றத்துக்கும் ஏற்ப மாறும். கடல்நீரிலோ ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திடீரென்று மாற்றினால் கக்கா ஓட்டை இறுக மூடிக்கொண்டு சோர்ந்துவிடும். சில நாட்களில் சிறிது சிறிதாகத்தான் மாற்றவேண்டும். தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது பலர் கடல்நீரையே ஊற்றுகிறார்கள். இது பெரும் பிழை. நீர்தான் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. எனவே ஒருநாள் திறந்து வைத்த நன்னீரைத்தான் ஊற்றவேண்டும். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து தேவை. கடல்நீரில் அது லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் இருப்பதால், சில கக்காக்களே உள்ள தொட்டியில் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

மெல்லிய மணல், கக்காவின் நீளத்தைப் போல் இரு மடங்கு ஆழமேனும் இருக்கவேண்டும். நண்டும் கக்காவும் ஒரே தொட்டியில் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

உணவுக்குப் பச்சைநீர் தயாரிப்பது கடினமன்று. காய்ச்சி ஆறவைத்த கடல்நீரைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் எடுத்து, நுண்பாசியின் தாய்க்கரைசலைச் சிறிது சேர்த்து, பாசிக்கென விற்கும் உரத்தில் சில துளி விட்டு, காற்றுக்குழாய் பொருத்தி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் நிறம் ஏறிவிடும். தாய்க்கரைசல் பற்றிய விவரங்களை, நமக்கு அதிகத் தொலைவில்லாத விழிஞ்ஞத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கேட்டறியலாம். அங்குள்ள பொரிப்பகத்தில் உண்டாக்கிய கக்காக் குஞ்சுகள் கொல்லத்து அஷ்டமுடிக் காயலில் விதைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காயலின் பூவன் கக்கா மீன்பிடிப்பு 2014இல், இந்தியாவிலேயே முதலாவதாக, உலகத் தரச் சான்று பெற்றதை நம் மக்களில் பலர் அறியார்.

பச்சைநீரைக் காலையும் மாலையும் சிறிதளவு விட்டு, ஒரு மணி நேரம் வடிகட்டியை நிறுத்தி வைக்கவேண்டும், காற்றுக்குழாயை நிறுத்தலாகாது. நீர் இலேசாகப் பசுமை காட்டி, மூன்று நான்கு மணி நேரத்தில் தெளிந்தால் அளவு சரி. மறுநாள் காலையிலும் பசுமை நின்றால் மிகுதி. குறைத்துக் கொள்ள வேண்டும். மிகுந்த உணவு அழுகினால் பட்டினியைக் காட்டிலும் விரைவில் கேடு வரும்.

நாள்தோறும் விளக்கேற்றும் நேரத்தில் ஒவ்வொன்றையும் குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகட்டும். குழலை உள்ளிழுத்தால் நலம். வாய் திறந்து, தொட்டும் மூடாமல் கிடந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். இறந்த ஒன்று ஓரிரவு கிடந்தாலும் நீர் கெட்டு மற்றவையும் மடியும். மின்சாரம் நின்றால் காற்றூட்ட, மின்கலத்தில் இயங்கும் சிறு கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். நம் பகுதியில் மழைக்காலத்தில் இதன் அருமை விளங்கும்.

தொட்டிக் கக்காவைக் கறிக்கு எடுக்கலாகாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்; தண்ணீரில் கலந்த எதையும் அது தன் உடலில் சேர்த்துக்கொள்ளும்.

வாலிபர் இப்போது புதிதாக ஐந்து கக்காக்கள் வைத்திருக்கிறார். நகைக்கடைத் தராசு ஒன்றில் வாரம் ஒருமுறை அவற்றை நிறுத்து நோட்டில் குறித்து வருகிறார். நான்கின் எடை ஏறியிருக்கிறது. ஒன்று அப்படியே நிற்கிறது. அதை மட்டும் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பச்சைநீர் கொடுத்துப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். கடன் விண்ணப்பம், மூன்று மாதக் கணக்கு நோட்டுடன் சேர்த்து அனுப்பப்படும்.