‘டைனோசர் முட்டை’ வதந்தியும் ஒரு கைப்பிடி களிமண்ணும்: ஃபாஸில் எப்படி உருவாகிறது?

2020 அக்டோபர். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் ஒரு குளத்தில் மண் எடுத்தபோது, பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளியே வந்தன. ‘டைனோசர் முட்டை கிடைச்சிருச்சு!’ என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. நிபுணர்கள் பார்த்துவிட்டு, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் படிவுகள் என்றார்கள்.

அது என்ன அம்மோனைட்? கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிரி. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த காலத்திலேயே இதுவும் அழிந்தது. அதற்கு முன் அரியலூர், பெரம்பலூர் பக்கமெல்லாம் கடல்!

சரி, உயிரியின் உடலே இல்லாமல் அதன் உருவம் மட்டும் எப்படிக் கல்லில் வரும்? இதை ஸ்லைடு போட்டு விளக்குவதைவிட வகுப்பில் செய்துபார்ப்பது சுலபம். களிமண்ணைத் தட்டையாக்கி, எண்ணெய் தடவிய சிப்பியை அழுத்தி எடுங்கள். பதிந்திருக்கும் பள்ளம்தான் ‘அச்சு’. இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒரு பங்கு தண்ணீர் கலந்து அதில் ஊற்றுங்கள். மறுநாள் களிமண்ணை உரித்தால் வெள்ளைச் சிப்பி ஒன்று கிடைக்கும். அது ‘வார்ப்பு’. அசல் சிப்பியின் ஒரு துகள்கூட அதில் இல்லை, ஆனால் ஒவ்வொரு வரியும் இருக்கும். பூமிக்கு அடியிலும் இதேதான் நடக்கிறது. ஓடு கரைந்துபோக, அந்த இடத்தைச் சேறும் கனிமமும் நிரப்புகின்றன. (பிளாஸ்டர் இறுகும்போது நன்றாகச் சுடும். பிள்ளைகள் கையை உள்ளே விடக் கூடாது. மிச்சத்தை சிங்க்கில் ஊற்றினால் பைப் அடைத்துக்கொள்ளும்!)

பல வகுப்புகளில் பாடம் இதோடு முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், முக்கியமான பாதி இனிமேல்தான். ஒரு பழைய டப்பாவில் மணல், செம்மண், மணல் என அடுக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் வேறு வேறு வார்ப்பைப் புதையுங்கள். ஒரு குழு பிரஷ்ஷால் தோண்டி, எது எந்த அடுக்கில் இருந்தது என்று எழுதட்டும். இன்னொரு குழுவிடம் வெறும் வார்ப்புகளை மட்டும் கொடுத்து, ‘இதில் எது பழசு?’ என்று கேளுங்கள். முழிப்பார்கள். கீழ் அடுக்கில் இருந்ததுதான் பழசு என்ற தகவல் டப்பாவோடு போய்விட்டதே!

அரியலூர் வட்டாரத்தின் கவலையும் இதேதான். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அங்கே சிமென்ட் ஆலைகள் இயங்குகின்றன. சுரங்கம் தோண்டும்போது அடுக்குகள் கலைகின்றன. பார்க்க வருபவர்களில் சிலர் ‘ஞாபகத்துக்கு ஒண்ணு’ என்று பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். வீட்டு ஷோகேஸுக்கு வந்த அம்மோனைட் அழகுதான், ஆனால் அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நேரில் பார்க்க வேண்டுமா? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம், கிடந்த இடத்திலேயே பாதுகாக்கப்படுகிறது. அரியலூர் அருகே வாரணவாசியில் அருங்காட்சியகமும் இருக்கிறது. வழியில் ஏதாவது சுருள் கல் கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து போட்டோ எடுங்கள், லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை அங்கேயே விட்டுவிட்டு, அருங்காட்சியகத்தில் தகவல் சொல்லுங்கள்.