இருபத்திரண்டு பேரில் ஒருவன்

விழிஞ்ஞம் என்றதும் வரலாறு படித்த அன்பர்களுக்கு ஆய் மன்னர்களின் துறைமுகமும் பழைய குடைவரைக் கோயிலும் நினைவுக்கு வரும். செய்தித்தாள் படிப்பவர்களுக்கு 2025 மே 2-ஆம் நாள் பிரதமர் திறந்து வைத்த புதிய துறைமுகம் நினைவுக்கு வரும். எனக்கோ, சிந்து யாத்திரை மாதா கோயிலுக்குக் கீழே, வள்ளங்களை ஏற்றி வைத்த மணலில் மாலை வேளைகளில் உருளும் பந்துதான் நினைவுக்கு வரும்.

அங்கே பந்தாடும் ஓர் இளைஞனை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். வயது 28. மலையாளத்தில் சொல்வதுபோல் ‘ஸ்டாப்பர் பேக்’, அதாவது கோலுக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கும் நடுத் தடுப்பாளன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பத்து ஆண்டுகளில் ஆறு குழுக்களுக்கு ஆடிவிட்டான். கொச்சியில் ஒரு பருவம், திருச்சூரில் ஒரு பருவம், சென்னையில் ஒரு பருவம், இடையிடையே மலப்புறத்துச் செவன்ஸ் ஆட்டங்கள். ஆட்டம் சரியில்லை என்று யாரும் அவனை அனுப்பவில்லை. ஒரு குழு கலைந்தது. ஒரு குழு பேசிய பணத்தைத் தரவில்லை. இன்னொரு குழுவுக்கு இருபது வயதுப் பையன் கிடைத்துவிட்டான்.

ஒருநாள் மீன் வாங்கப் போனபோது கேட்டான்: “அண்ணாச்சி, கேரளத்துக்குச் சந்தோஷ் டிராபி ஆட எனக்கு இடம் கிடைக்குமா? சந்தோஷப்படுத்தச் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லணும்.”

ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரத்தில் நான் போட்டுப் பார்த்த கணக்கே இக்கட்டுரை.

ஏன் இந்த ஆசை?

1941-இல் தொடங்கிய சந்தோஷ் டிராபியைக் கேரளம் 1973, 1992, 1993, 2001-02, 2004-05, 2018, 2022 என ஏழு முறை வென்றிருக்கிறது. 2018 ஏப்ரல் 1-ஆம் நாள் கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டி உதைகளில் வென்றபோது, கடைசி உதையை வலைக்குள் சேர்த்தவர் பொழியூரைச் சேர்ந்த சீசன். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மீனவ ஊர் அது. ஒக்கிப் புயல் இந்தக் கரையைச் சூறையாடி நாலு மாதமே ஆகியிருந்தது. அந்த வெற்றியை இங்குள்ளவர்கள் எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொண்டாட்டத்தைவிடப் பெரிய செய்தி பிறகு வந்தது. அந்தக் குழுவில் வேலையில்லாதிருந்த 11 பேருக்கு மாநில அரசு வேலை கொடுத்தது. 2022-இல் வென்றவர்களுக்குத் தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் பரிசளித்தது. நம் நண்பனின் கேள்விக்குள் இருப்பதும் இதுதான். அவன் கேட்பது கோப்பையை அல்ல; நடுக்கடலுக்குப் போகாமல் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு வாழ்க்கையை.

இடம் எத்தனை?

2024-இல் கேரளம் அறிவித்த குழுவில் 22 பேர். மூவர் கோல் கீப்பர்கள் என்று வைத்துக்கொண்டால், தடுப்பாட்டத்துக்கு மிஞ்சிப் போனால் ஏழு இடம். வலப்பக்கம் இருவர், இடப்பக்கம் இருவர், நடுவில் மூவர். இந்த ஏழில் நாலைந்து இடம் காவல் துறை, மின்வாரியம் போன்ற துறைக் குழுக்களில் ஆண்டு முழுவதும் ஆடுகிறவர்களுக்கும், பெரிய கிளப்புகளின் இளைஞர்களுக்கும் போய்விடும் என்பது என் கணிப்பு. மீதி இரண்டு இடம். அந்த இரண்டுக்குத்தான் நம்மவனைப்போல் பலர் முகாமில் மோதுவார்கள்.

முன்னணி ஆட்டக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. கோல் அடித்தால் எல்லாருக்கும் தெரியும். நம் வெட்டுக்காட்டு ஜோபி ஜஸ்டின் 2018-19 ஐ-லீக்கில் ஈஸ்ட் பெங்காலுக்காக ஒன்பது கோல் அடித்தார். நாடே திரும்பிப் பார்த்தது. தடுப்பாளன் நன்றாக ஆடினால் அங்கே ஒன்றும் நடக்காது! ஒன்றும் நடக்காததை யார் எழுதி வைப்பார்கள்?

அதனால் தடுப்பாளனை ஒரே ஆட்டத்தில் எடைபோட முடியாது. பக்கத்தில் நிற்கும் மூவரோடு ஒரு பருவம் முழுவதும் ஆட வேண்டும். கேரளக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களைப் பாருங்கள். 1992-இல் நம் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என்று வென்ற குழுவின் தலைவர் வி.பி.சத்யன், 1993-இல் கொச்சியில் வென்ற குழுவின் தலைவர் குரிகேஷ் மாத்யூ, 2024-இல் தலைவர் ஜி.சஞ்சு. மூவரும் கேரளக் காவல் துறைக் குழுவுக்கு ஆடியவர்கள். நிலையான குழு, நிலையான கூட்டாளிகள். ஊர் ஊராய்ச் சுற்றியவனுக்கு வாய்க்காதது இதுவே. அவன் திறமை ஆறு ஊர்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. முழுதாகப் பார்த்த பயிற்சியாளர் ஒருவரும் இல்லை.

அவன் பக்கம் இருப்பவை

தலையால் பந்தை எடுப்பதில் அவனை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் குறைவு. கமபா வலை இழுத்த தோள். பக்கக்கோட்டிலிருந்து பந்தை எறிந்தால் கோல் வாசலுக்கே வரும். பின்னால் நின்று மற்றவர்களைக் கூவி நிறுத்தத் தெரியும். 2024 டிசம்பர் 31-இல் ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் கேரளம் வங்காளத்திடம் ஒரே கோலில் தோற்றது. அந்தக் கோல் விழுந்தது ஆட்டம் முடியும் தறுவாயில். அத்தகைய நேரத்தில் பதறாமல் நிற்க, அடிபட்டுப் பழகிய ஒருவன் குழுவில் இருப்பது நல்லது.

குறையும் உண்டு. மணலில் வளர்ந்த கால் திரும்புவதற்கு அரை நொடி கூடுதலாக எடுக்கிறது. செயற்கைப் புல்லில் வேகமான சிறுவன் அந்த அரை நொடியில் கடந்துவிடுவான். கடந்தபின் சட்டையைப் பிடிக்கும் பழக்கமும் இருக்கிறது. மஞ்சள் அட்டை அதிகம். இரவில் கடலுக்குப் போய்விட்டுக் காலையில் பயிற்சிக்கு வருவதால் பின்பாதியில் தளர்கிறான். இது அவன் குற்றமல்ல. ஆனால் தேர்வாளர் காரணம் கேட்கப் போவதில்லை.

என் தீர்ப்பு

தவணை முடிந்ததும் போய்ச் சொன்னேன். “இன்றைய நிலையில் பத்துக்கு மூன்று. நடுவில் மட்டுமல்லாமல் வலப்பக்கமும் ஆடக் கற்றுக்கொண்டால் பத்துக்கு நாலு. பட்டியலில் கடைசி இடங்களுக்கு இரண்டு வேலை பார்க்கிறவனைத்தான் எடுப்பார்கள். இந்த ஆண்டு யார் கூப்பிட்டாலும் வெளியூர் போகாதே. திருவனந்தபுரம் மாவட்டக் குழுவில் நின்று ஆடு. ஒருவராவது உன்னை முழுசாய்ப் பார்க்கட்டும்.”

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “பத்துக்கு நாலு என்றால் நாங்கள் வள்ளம் இறக்குவோம் அண்ணாச்சி” என்றான்.

இப்போது மாலைகளில் அவன் வலப்பக்கம் நின்று ஆடுகிறான். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அவனைத் தாண்டித் தாண்டி ஓடுகிறான். மூன்று முறைக்கு ஒரு முறை பந்தைப் பிடித்துவிடுகிறான், சட்டையைப் பிடிப்பதில்லை. குழு அறிவிக்கும் நாளில் பட்டியலின் கீழ்ப்பகுதியையும் ஒருமுறை பாருங்கள் அன்பர்களே. விழிஞ்ஞத்துப் பேக் ஒருவன் பெயர் அங்கே இருந்தால், எனக்குத் தெரிந்தவன்தான்.