நாடகமேடைக்குப் பாட்டளித்த சங்கரதாசர்

உடுவிலில் முதியோர் கூடியிருக்கையில் நாடகப் பேச்சு எழுமாயின், வள்ளி திருமணத்தை நினைவுகூராதார் சிலரே. கிழவனாய் வந்த வேலன் தேனும் தினைமாவும் உண்டு விக்கலெடுத்து நீர் கேட்பதும், வள்ளி அவனைப் பாட்டாலேயே மடக்குவதும் கண்டு கோயில் வீதி முழுதும் சிரிக்கும். பாடிய நடிகரின் பெயர் நெஞ்சில் நிற்கும். அம்மேடைக்கு வள்ளி திருமணத்தைப் பாட்டும் உரையுமாக ஆக்கியளித்தவர் பெயரைச் சொல்வார் அரியர். அவரே தவத்திரு சங்கரதாச சுவாமிகள்.

விக்டோரியா மகாராணியார் காலத்து இலண்டனில் நகைச்சுவை இசை நாடகங்கள் பெருவாழ்வு வாழ்ந்தன. கில்பேர்ட் சொல் தந்தார்; சலிவன் இசை தந்தார். அவர்கள் புகழோங்கியிருந்த காலத்திலேதான், 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்த சங்கரதாசர் தமிழ் மேடை ஏறினார். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்புக் கற்ற அவர், இருபத்துநான்காம் வயதில் நாடகத்துறை புகுந்து எமனாகவும் சனீசுவரனாகவும் நடித்தார், பின்னர் ஆசிரியரானார். பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எனப் பல நாடகங்கள் பிறந்தன. அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் அடித்தல் திருத்தலின்றி எழுதி முடித்தார் என்று அவர் மாணவர் தி. க. சண்முகம் வியந்து கூறுகிறார்.

வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரு மேடையிற் சந்தித்து விடியுமளவும் ஆடுவது 'ஸ்பெஷல் நாடகம்'. எல்லாரும் அவர் பாடத்தை நெட்டுருப் பண்ணியிருந்தமையாலேயே அது இயன்றது. ஆயினும் போட்டிப் பாட்டு மிகுந்து கதை தேய்வதும் உண்டு. மேடைக்கு ஒழுங்கு வேண்டிய சுவாமிகள், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்க்குப் பாடம் சொன்னார். இறுதிக் காலத்தில் வாதநோய் அவர் நாவைக் கட்டியது. ஆயிரம் நாவுகளுக்குப் பாட்டளித்தவர் பேச்சிழந்தார்; 1922இல் புதுச்சேரியில் மறைந்தார்.

தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த அவ்விசை நாடக மரபை எங்கள் குடாநாட்டில் வளர்த்தோருள் தலையாயவர் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). இன்று உடுவிலுக்கு அயலிலுள்ள மருதனார்மடத்தில் இசை பயிலும் மாணவர், சுவாமிகளின் பாடங்களையும் கையிலெடுத்தல் வேண்டும். மூலபாடம் மறைந்தால் வள்ளியின் வாதம் வெறும் வாயாடலாகிவிடும். பாட்டோடு பாடியவரையும் ஆக்கியவரையும் சேர்த்து நினைப்பதே நன்றியாகும்.